"வலி அதே வழியில ஓடுதாம்மா?"

எனக்கு 46 வயது, திண்டுக்கல்லில் தையல் வேலை. சயாட்டிகாவுக்கு, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு, முதுகில் ஊசி போட்டவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

போன ஆடியில் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் சுரீர் என்றது. இரண்டே நாளில் வலி இடது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல் வரை இழுத்தது. இருமினால் உயிர் போகும். முதுகெலும்பின் அடியில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. முக்கால்வாசிப் பேருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே குறையும் என்றார்கள். மூன்று மாதம் மாத்திரை, பிசியோதெரபி என்று பார்த்தேன். எனக்குக் குறையவில்லை. அப்புறம்தான் ஊசி.

வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மேலே சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி. தோலை மரக்கவைத்துவிட்டு, டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். திடீரென்று சுண்டுவிரல் வரை பளீர் என்று ஒரு வெட்டு. கத்திவிட்டேன். "வழக்கமா வர்ற அதே வழியில ஓடுதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஊசியைத் துளி பின்னால் இழுத்து, சாய மருந்தைச் செலுத்தினார். தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். நரம்பை ஒட்டி, கறுப்பு நூலை இழுத்துவிட்ட மாதிரி ஒரு கோடு இறங்கியது. மருந்து போகவேண்டிய இடம் அதுதான் என்று உறுதியான பிறகே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் போட்டார். மொத்தம் இருபது நிமிடம் இருக்கும்.

அன்று சாயங்காலம் வலியே இல்லை. மறுநாள் காலை அப்படியே திரும்பி வந்தது. ஊசி வீண் என்று அழுதேன். முதல் நாள் சுகம் மரப்பு மருந்தால் வந்தது, ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் ஆகும் என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். ஐந்தாம் நாள் குறைய ஆரம்பித்தது. இப்போது எட்டு மாதம். மெஷினில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன்.

– திண்டுக்கல்

அக்கா, என் அப்பாவுக்கும் இதே ஊசிதான். வயது 68, சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோகிரெல் சாப்பிடுகிறார் என்பதை நாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஊசி போடும் நாள் காலையில் நர்ஸ் மாத்திரைச் சீட்டைக் கேட்டபோதுதான் தெரிந்து, திருப்பி அனுப்பினார்கள். இதய டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னபடி ஏழு நாள் நிறுத்திய பிறகே போட்டார்கள். தயவுசெய்து யாரும் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று, ஊசிக்குப் பிறகு அப்பாவுக்கு நான்கு நாள் சர்க்கரை 300-ஐத் தாண்டியது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்ததால் பிழைத்தோம்.

– காரைக்குடி

எனக்கு ஊசியின் பலன் நிலைக்கவில்லை. லாரி ஓட்டுகிறேன். முதல் ஊசியில் மூன்று வாரம் நிம்மதி, இரண்டாவதில் அதுவும் இல்லை. ஒருநாள் நடக்கும்போது வலது செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடந்தது. பாதத்தைத் தூக்க முடியவில்லை. அன்றே போனேன், ஆபரேஷன் செய்தார்கள். செருப்பு கழன்றாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அடுத்த ஊசிக்குத் தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

– திருச்சி