தரம் 5 புலமைப்பரிசில்: முதலாம் வினாத்தாளில் நேரம் போதவில்லை

முல்லைத்தீவில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 5 கற்பிக்கிறேன். வகுப்பில் 14 பிள்ளைகள். இலங்கையில் தரம் 5 பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவர்களைத் தயார்படுத்துகிறேன்; அதில் இரண்டு வினாத்தாள்கள். இரண்டாம் வினாத்தாளில் பெரும்பாலானோர் நூற்றுக்கு 70 புள்ளியைத் தாண்டுகிறார்கள். சிக்கல் முதலாம் வினாத்தாளில்தான்: 60 நிமிடத்தில் 40 வினா. 26, 27 வரை வருகிறார்கள். மிச்சம் வெறுமையாகக் கிடக்கிறது. நேரம் பாராமல் செய்யவிட்டால் அதே பிள்ளைகள் 35 வினாவுக்குச் சரியாக விடை எழுதுகிறார்கள். ஆகவே விளங்காத குறை இல்லை.

ஜனவரியிலிருந்து கிழமைக்கு இரண்டு கடந்தகால வினாத்தாள் செய்விக்கிறேன். மேசையில் மணிக்கூடு வைத்துப் பார்த்தேன். வினாத்தாளை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துவிட்டேன். கடினமானதை விட்டு அடுத்ததற்குப் போகச் சொன்னால் யாருக்கும் மனம் வருவதில்லை. போன கிழமை ஒருவன் உருவங்கள் வரும் ஒழுங்கு (கோலம்) பற்றிய வினா ஒன்றில் நின்று, அழித்து அழித்துத் தாளையே கிழித்துவிட்டான். 8 நிமிடம் அதிலேயே போனது. "அடுத்ததைப் பார்" என்றேன். "இன்னும் கொஞ்சம் டீச்சர், வந்துவிடும்" என்றான். கோபிக்கவும் முடியவில்லை.

டியூஷனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அருகில் இருப்பதே 11 கிலோமீற்றர். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

பரீட்சைக்கு இன்னும் 9 கிழமை இருக்கிறது. வராத வினாவை விட்டு நகரும் பழக்கத்தைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பில் எப்படிப் பழக்கினீர்கள்?