மறு: ட்ரை-மோடு கன்ட்ரோலர்: ‘மும்முறை’யா, ‘முந்நெறி’யா?

அனைவருக்கும் வணக்கம். மூன்று வகை டிஸ்க்குகளையும் கணினியோடு இணைக்கும் ஒரே அட்டையான ட்ரை-மோடு கன்ட்ரோலருக்கு நம் சொல்லடைவில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ட்ரை என்றால் மூன்று, மோடு என்றால் முறை. ‘மும்முறைக் கட்டுப்படுத்தி’ என்றே வைத்துவிடலாமே?

கொடைக்கானல் ஐயா சொல்வது இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘மும்முறை’ என்றதும் மருந்துச் சீட்டில் வருகிற ‘தினம் மும்முறை’தான் நினைவுக்கு வருகிறது. ‘மும்முறைக் கட்டுப்படுத்தியைப் பொருத்தவும்’ என்று கையேட்டில் எழுதினால், ஏன் மூன்று தடவை பொருத்த வேண்டும் என்று ஒருவராவது கேட்பார்.

பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். கோத்தகிரியில் காட்டுயிர்ப் படமெடுக்கும் நண்பர்களின் காணொளிகள் ஒரு வட்டு அடுக்கில் இருக்கின்றன. 24 ஹார்டு டிஸ்க், நொடிக்கு 6 ஜிகாபிட் வேகத்தில் இயங்கும் சாஸ் (சர்வர்களில் டிஸ்க்குகளை இணைக்கும் முறை) அட்டை. அட்டையிலிருந்து அடுக்குக்குப் போகும் கேபிளில் நான்கு தடங்கள். தடத்துக்கு நொடிக்கு 600 மெகாபைட் என்றால் மொத்தம் 2,400. டிஸ்க் ஒவ்வொன்றும் 200 கொடுத்தாலே 4,800 ஆகிவிடுகிறது. அதில் பாதி, கேபிளிலேயே முடங்குகிறது. 12 ஜிகாபிட் அட்டைக்கு மாறினால் அதே நான்கு தடங்களில் 4,800 போகும், அடுக்குக்குள் ஒரு கேபிளைப் பல டிஸ்க்குகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் எக்ஸ்பாண்டரும் அதற்கு ஈடுகொடுத்தால்.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், படத்தொகுப்புக்கு இரண்டு என்விஎம்இ (அதிவேக ஃபிளாஷ் வகை) டிஸ்க்கும் சேர்க்கலாமே என்று பேச்சு வந்தது. அங்கேதான் இந்த அட்டை வருகிறது. சாஸ், சாட்டா (சாதாரணக் கணினி டிஸ்க்குகளின் வகை), என்விஎம்இ மூன்றையும் ஒரே அட்டை ஏற்கும். மூன்றும் வெறும் மூன்று வகைச் செருகிகள் அல்ல. சாட்டா டிஸ்க்கோடு பேசும் ஏஹெச்சிஐ என்ற கட்டளை ஒழுங்கு ஒரே வரிசையில் 32 கட்டளைகளைத்தான் நிறுத்தி வைக்கும். 2011-இல் வந்த என்விஎம்இ 65,535 வரிசைகள் வரை அனுமதிக்கிறது. சாஸ் பேசுவதோ ஸ்கசி என்ற பழைய டிஸ்க் இணைப்பு மரபின் கட்டளைகளை. ஆக, வேறுபடுவது பேசும் ஒழுங்கு. அதற்கு நம்மிடம் ‘நெறிமுறை’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதனால் என் பரிந்துரை ‘முந்நெறிக் கட்டுப்படுத்தி’.

‘மூவழி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது வேண்டாம் என்பேன். ஒரே அடுக்குக்கு இரண்டு கேபிள் இழுப்பதை ‘பல்வழி’ என்று இங்கேயே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அதோடு, வழி மூன்று என்றால் வேகமும் மூன்று மடங்கு என்று தோன்றும். கணினியில் அட்டைகளைச் செருகும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-இல் எட்டுத் தட அட்டை நொடிக்கு எட்டு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கடத்தும். வேகமான என்விஎம்இ டிஸ்க் இரண்டு போதும், அட்டை நிரம்பிவிடும்.

‘மும்மொழி’யும் யோசித்தேன். பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை எடுத்தால் இழை வேறு பக்கம் போய்விடும், மட்டுறுத்துநர் பாவம்.

கூடவே ஒரு சொல்: அடுக்குக்குள் டிஸ்க்குகள் செருகப்படும் பலகையான பேக்பிளேனுக்குப் ‘பின்பலகை’. அட்டையை மட்டும் மாற்றி என்விஎம்இ-யைச் செருகிவிட முடியாது, பின்பலகையும் அதை ஏற்பதாக இருக்க வேண்டும். மூன்று வகையையும் ஒரே செருகிடத்தில் ஏற்பது யு.3 வகை, அதற்கு முந்தைய என்விஎம்இ வகை யு.2. யு.3 டிஸ்க் யு.2 பின்பலகையில் வேலை செய்யும், யு.2 டிஸ்க் யு.3 பின்பலகையில் செய்யாது. கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

மலை உயரத்தில் டிஸ்க் தாங்குமா என்று கேட்டவருக்கு: பொதுவாக 3,048 மீட்டர் வரை இயங்கும் என்றுதான் குறிப்பார்கள். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். காற்று மெலிந்திருப்பதால் விசிறி கூடுதலாக உழைக்கும், அவ்வளவே. நான் அதிகம் பார்ப்பது ஆனி ஆடிக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போவதைத்தான். டிஸ்க்கில் எழுதப்படுமுன் அட்டையின் கேஷ் நினைவகத்தில் இருப்பதை, மின்சாரம் போனாலும் காக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் இல்லாத அட்டை இங்கே வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து

* * *

> என் பரிந்துரை ‘முந்நெறிக் கட்டுப்படுத்தி’

தம்பி, எழுத்தில் சரி. வாயால் சொல்லிப் பாருங்கள், ‘முன்னெறி’ என்றுதான் காதில் விழும். முந்தைய நெறி, அதாவது பழைய அட்டை என்று எடுத்துக்கொண்டால்? புதிய அட்டைக்குப் பழையது என்று பொருள்படும் பெயரா? மேலும் நாளை நான்காவது நெறி வந்தால் என்ன செய்வீர்கள்?

கொடைக்கானலிலிருந்து

* * *

ஐயா, நான்காவது வந்தால் ‘பன்னெறி’ என்று போகலாம், அதில் கூட்டல் கழித்தல் வேண்டாம். காதுக் குழப்பம் நியாயமான கேள்வி. பேச்சிலும் கையேட்டின் முதல் இடத்திலும் ‘மூன்று நெறிக் கட்டுப்படுத்தி’ என்று பிரித்தே சொல்வோம், சொல்லடைவில் ‘முந்நெறி’ இருக்கட்டும். கோயம்புத்தூர்க் கடைக்கு எழுதும்போது மட்டும் மாடல் எண்ணையே எழுதுகிறேன்.

‘பின்பலகை’க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஞாயிறு வரை பார்த்துவிட்டு அடைவில் ஏற்றிவிடுகிறேன்.