புதுப்பிப்பு: டிரெய்லரின் அவசர பிரேக் கேபிளை எங்கே மாட்டுவது?

டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் கேபிளைப் பாதுகாப்புச் சங்கிலியின் கொக்கியிலேயே மாட்டலாமா, வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இழுவைப் பந்தின் கழுத்தில் சுற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் விட்டுவிட்டேன். இப்போது வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்ட தனி வளையத்தில் மாட்டுகிறேன்.

பந்துக் கழுத்தில் வெறுமனே சுற்றினால் கேபிள் துள்ளி மேலே வந்து நழுவிவிடலாம். கழற்றி மாட்டும் வகைப் பந்தென்றால் இன்னும் ஆபத்து: பந்தே கழன்றால் கேபிளும் கூடவே போய்விடும், பிரேக் பிடிக்காது. கொக்கியில் மாட்டினாலும் இதே கதைதான். சங்கிலியும் கொக்கியும் சேர்ந்து பெயர்ந்தால் இழுக்க எதுவும் மிஞ்சாது. கேபிளுக்கென்று தனி இடம் வேண்டும் என்பதில் எனக்கு இனி சந்தேகமே இல்லை.

நீளத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். முழுதாகத் திருப்பும்போது இறுகக் கூடாது, தரையில் உரசவும் கூடாது, அதே சமயம் சங்கிலி முழுதாக இறுகுவதற்கு முன்பே பிரேக்கை இழுத்துவிட வேண்டும். இணைப்புக்கு அடியில் கேபிளுக்கான வழிகாட்டி வளையம் இருந்தால் அதற்குள் விட்டே கொண்டு வாருங்கள். பக்கவாட்டில் தொங்கினால் இழுக்கும் கோணம் கெட்டுவிடும்.

மின் பிரேக் உள்ளவர்கள் டிரெய்லர் பேட்டரியையும் பாருங்கள். கேபிளின் முனையில், டிரெய்லரின் சுவிட்சுக்குள் செருகியிருக்கும் முள் உருவப்பட்டதும் பிரேக்குக்கு மின்சாரம் தருவது அதுதான். சோதிக்கும்போது வண்டியோடுள்ள மின் இணைப்பைக் கழற்றிவிட்டு முள்ளை உருவி, சக்கரம் இறுகுகிறதா என்று பார்த்து, உடனே திரும்பச் செருகிவிடுங்கள்.