கலைச்சொல்: ஆவண ஒளிப்படமா, களப்படமா?

குழுவினருக்கு வணக்கம்.

புதுச்சேரியில் ஞாயிறுதோறும் நடத்துகிற ஒளிப்பட வகுப்புக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘டாக்குமென்டரி போட்டோகிராபி’ என்ற தலைப்பிலேயே வேலை நின்றுவிட்டது. ‘ஆவணப்படப் பயிற்சி’ என்று அறிவிப்பு ஒட்டினால் வீடியோ கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அந்தச் சொல்லுக்குத் திரைப்படக்காரர்கள் எப்போதோ பட்டா வாங்கிவிட்டார்கள். புகைப்படமா ஒளிப்படமா என்ற பழைய பஞ்சாயத்தை இந்த இழையில் திறக்க வேண்டாம். நான் ஒளிப்படம் என்றே எழுதுகிறேன்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: ஆவண ஒளிப்படம், மெய்ப்படம், வாழ்வியல் படம்.

‘ஆவண ஒளிப்படம்’ பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு சங்கடம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே ‘ஆவண எழுத்தர்’ பலகைகள் தொங்கும். உள்ளே விற்பவரையும் வாங்குபவரையும் கேமரா முன்னால் உட்காரவைத்து ஒரு படம் எடுப்பார்கள். பத்திரத்தோடு சேர்ந்துபோகிற அந்தப் படம்தான் அசல் ஆவண ஒளிப்படம். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1971இல் ஒரு நேர்காணலில் இதைத்தான் பேசினார். கொலை நடந்த இடத்தைப் போலீஸ் எடுக்கும் படம் ஆவணம், அதற்கு ஒரு பயன் உண்டு; தான் செய்வது ஆவணத்தின் பாணியை எடுத்துக்கொண்ட வேறொரு வேலை என்றார்.

இந்த இரண்டும் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களை எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்தச் சிற்பம் என்று தேடி எடுக்கலாம். எடுத்தவருடைய மனநிலை அதில் தெரியவே கூடாது, தெரிந்தால் வேலை கெட்டது. அந்த நிறுவனம் வருவதற்கு முன்பே, 1950 ஏப்ரலில், பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்து ஆசிரமத்தில் அரவிந்தரையும் அன்னையையும் எடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தர் மறைந்ததால் அவையும் இன்று பெரிய ஆவணம்தான். ஆனால் எங்கே நிற்பது, எந்த நொடியில் விரலை அழுத்துவது என்று ஒருவர் முடிவுசெய்த படங்கள் அவை. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் மாணவர் முதல் வகுப்பிலேயே குழம்பிப்போகிறார்.

‘மெய்ப்படம்’ கேட்க நன்றாக இருக்கிறது, தாங்காது. டோரத்தியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த ‘புலம்பெயர் தாய்’ படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் கண்ணை உறுத்துகிறது என்று அதைப் பிற்பாடு நெகட்டிவிலேயே மங்கலாக்கினார் லாங். அந்தப் பெண்ணின் பெயரை அவர் குறித்துக்கொள்ளவே இல்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அதற்காக அது பொய்ப்படம் ஆகிவிடாது. ‘மெய்’ என்று பெயரிலேயே சத்தியம் செய்ய வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். ‘வாழ்வியல் படம்’ என்றால் சோப்பு விளம்பரம்கூட அதற்குள் வந்துவிடும்.

என் முன்மொழிவு: களப்படம். முறையாக எழுதும்போது கள ஒளிப்படம். களப்பணியும் கள ஆய்வும் ஏற்கெனவே ஊறிய சொற்கள். களப்படக் கலைஞர், களப்படத் தொகுப்பு, களப்படம் எடுத்தான் என்று எப்படித் திருப்பினாலும் நாக்கில் இடறவில்லை. போய், இருந்து, கேட்டு, திரும்பவும் போகிற வேலை என்பது சொல்லிலேயே தெரிகிறது. லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர்களை எடுத்தவர். காப்பீட்டு முகவர் மாதிரி, பைபிள் விற்பவர் மாதிரி நடித்து உள்ளே நுழைவார். தன் கோட்டின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளையின் உயரத்தை அதைவைத்தே கணக்கிடுவார். கையைச் சட்டைப்பைக்குள் விட்டு, பார்க்காமலே வயதையும் உயரத்தையும் குறித்துக்கொள்வார். ‘ஆவணம்’ என்ற சொல்லில் அந்தக் காகிதம் தெரிகிறது, சட்டைப்பைக்குள் போன கை தெரியவில்லை.

அடுத்தது ‘விஷுவல் ஸ்டோரிடெல்லிங்’. ‘காட்சிவழிக் கதைசொல்லல்’ என்பது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. ‘படக்கதை’ நல்ல சொல், ஆனால் அது காமிக்ஸுக்குப் போய்விட்டது. இங்கே நமக்குத் தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலே போதும். செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது அது. குளகத்தை விட்டுவிடுவோம். தானே முழுமையாக நிற்கும் ஒற்றைப் படம் முத்தகம். ஆகஸ்ட் ஸாண்டர் 1929இல் ஜெர்மன் மக்களின் 60 உருவப்படங்களை வெளியிட்டாரே, அது தொகைநிலை: ஒரே நோக்கு, கதை இல்லை. யூஜின் ஸ்மித் 1948இல் லைஃப் இதழுக்காகக் கொலராடோவின் ஒரு கிராம மருத்துவரோடு 23 நாள் சுற்றி எடுத்தது தொடர்நிலை.

வகுப்பில் இந்தப் பிரிவு உடனே வேலைசெய்கிறது. கடலூர் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனால் எல்லோரும் விடியல், படகு, வலை என்று எடுத்து வருகிறார்கள். எல்லாம் முத்தகம், பாதி ஒரே முத்தகம். ஏலத்தில் கூறு எடுக்கும் ஒரு அம்மாவோடு போகச் சொல்கிறேன். விலை பேசும்போது முகம், ஐஸ் அள்ளிப் போடும் கை, ஷேர் ஆட்டோவில் கூடைக்கு இடம் கிடைக்காத சண்டை, சந்தையில் விற்காமல் நிற்கும் கடைசிக் கூறு, முந்தானையில் முடிந்துவைத்த காசு. தூரம், நடு, அண்மை என்று பாடமாகச் சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே ‘தொடர்நிலைப் படம்’ என்று வைக்கலாமா?

புதுச்சேரியிலிருந்து

*

தம்பிக்கு,

தொடர்நிலைக்கு என் ஓட்டு. களப்படத்துக்கு இல்லை. களம் என்றதும் போர்க்களமும் கிரிக்கெட்டும்தான் முன்னால் வருகின்றன. தன் வீட்டுத் திண்ணையில் பாட்டியை வருடக்கணக்காக எடுக்கிறவர் எந்தக் களத்துக்குப் போகிறார்?

நம் பக்கத்து வழக்கு ஒன்று இருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், சுந்தரர் தன் அடிமை என்று ஓலையோடு வழக்காட வந்த கிழவேதியரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையில் கேட்கிறார்கள்: ஆட்சி (நடந்துவரும் வழக்கம்), ஆவணம், அயலார் காட்சி, மூன்றில் ஒன்றைக் காட்டு. சேக்கிழார் கணக்கில் ஆவணம் வேறு, காட்சி வேறு. ஓலை ஆவணம், கண்ணால் கண்டவன் சொல்வது காட்சி. நீங்கள் சொல்லும் படம் இந்த மூன்றாவது வகை. ‘காட்சிப்படம்’ என்று வைத்தால் என்ன? (சுந்தரர் கிழித்தது படி ஓலை, மூல ஓலை பத்திரமாக இருந்தது. நெகட்டிவ் இருக்கும்போது பிரிண்டைக் கிழித்த கதை.)

இன்னொன்று. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பத்திரிகைகள் எல்லாம் எடுத்தன. அதுவும் களத்தில் எடுத்ததுதானே? செய்திப்படத்தை எப்படிப் பிரிப்பீர்கள்?

கடலூரிலிருந்து

*

ஐயா,

மூன்று சான்றையும் பாடக்குறிப்பின் முதல் பக்கத்தில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அனுமதி தாருங்கள். ஆனால் ‘காட்சிப்படம்’ வேண்டாம். காலைக் காட்சி, சண்டைக் காட்சி, கண்காட்சி என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. அதைவிட, சேக்கிழார் சொல்வது ‘அயலார்’ காட்சி. ஹைனும் லாங்கும் அயலார்தான். இன்று என் வகுப்புக்கு வருகிற தேவனாம்பட்டினத்துப் பெண் தன் அப்பாவையும் அவருடைய ஃபைபர் படகையும் எடுக்கிறாள். அவள் அயலாரும் இல்லை, வழக்கில் சாட்சி சொல்ல வந்தவளும் இல்லை.

திண்ணைப் பாட்டி நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் களம் என்றால் முதலில் நெல் அடிக்கிற இடம்தானே, வீட்டை ஒட்டியே இருக்கும். வேலை நடக்கிற இடமெல்லாம் களம் என்று வைத்துக்கொண்டால் திண்ணையும் அடங்கும். கிரிக்கெட்டுக்கு மைதானம் இருக்கிறது.

செய்திப்படத்துக்கும் களப்படத்துக்கும் கோடு காலத்தில்தான் போட முடியும். சாய்ந்த பலாவை அன்றைக்கு எடுத்தது செய்திப்படம். அந்தத் தோப்புக்காரர் மறுபடி கன்று நட்டாரா, அது காய்க்கும்வரை எதை வைத்துச் சாப்பிட்டார், பிள்ளை வேலைக்கு வெளியூர் போனானா என்று வருடம் தவறாமல் போய்ப் பார்த்து எடுத்தால் களப்படம். நடுவில் ஒரே ஆள் இரண்டையும் செய்வார், அதற்கெல்லாம் இலக்கணம் எழுத முடியாது.

அறிவிப்பு இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. ‘களப்படமும் தொடர்நிலைப் படமும்: தொடக்கநிலை வகுப்பு’ என்று போடுகிறேன். ஆவண ஒளிப்படம் என்பதைக் கோயில், தொல்லியல், பதிவேட்டுப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். கடும் மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அப்புறம், ஒரு ஃபிலிம் சுருளின் படங்களையெல்லாம் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்டுத் தேர்ந்தெடுக்கிறோமே, அந்த ‘கான்டாக்ட் ஷீட்’டுக்கும் ஒரு சொல் தேவை. என்னிடம் உருப்படியாக எதுவும் இல்லை.