வகுப்புத் தோழனுக்கு நினைவு மலர் – இதை வைத்து மலர் தேறுமா?

தாழ்வாரம்:
எங்கள் பி.எஸ்சி. செட்டில் எல்லாருக்கும் வேண்டியவனாக இருந்த நண்பனுக்கு முதலாண்டு நினைவு மலர், 150 பிரதி. 'அவனைப் பற்றி எழுதுங்கள்' என்று குரூப்பில் போட்டோம். 20 பேர் எழுதியதெல்லாம் 'சிரித்த முகம், உதவும் மனசு' ரகம்தான். படங்களும் வாட்ஸ்அப்பில் வந்தவை. தேறுமா?

பழையபக்கம்:
தேறாது. எழுதியவர்களைக் குற்றம் சொல்லி என்ன, கேட்ட கேள்வி அப்படி. ஆளுக்கொரு கேள்வியாகத் தனியே அனுப்புங்கள். ரூம் மேட்டிடம்: பரீட்சைக்கு முந்தின ராத்திரி என்ன செய்வார்? லேப் பார்ட்னரிடம்: ரெக்கார்டு நோட்டை யாருடையதைப் பார்த்து எழுதினார்? மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்: தட்டில் எதை ஒதுக்குவார்? எழுத வராதவர்கள் வாய்ஸ் மெசேஜில் சொல்லட்டும், நீங்கள் கேட்டு எழுதுங்கள். பேச்சு நடையை மட்டும் திருத்திவிடாதீர்கள். ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் அடுத்தடுத்துப் போடலாம்.

அச்சுமை:
வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நீளவாக்கில் 1600 பிக்சல் வந்தால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5 அங்குலம் சொச்சம்தான். அட்டைக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாகும். 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய பிரிண்டை போனில் பிடித்தால் பளபளப்பு வெள்ளைத் திட்டாக விழும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் குரூப் போட்டோவிலிருந்து ஒரு முகத்தை ஓரளவு பெரிதாக்கலாம். 150 பிரதிக்கு ஆஃப்செட் பிளேட் செலவு கட்டாது, டிஜிட்டல் பிரிண்டே போதும். பழைய டிடிபி (கணினியில் பக்கம் கோக்கும்) சென்டர்களில், நாம் போனில் அடிக்கும் யூனிகோடு எழுத்தை அவர்கள் ஃபான்ட்டுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். புரூஃபை பிடிஎஃப்பில் பாருங்கள், வேர்டில் வேண்டாம். சென்டர் பின் (தாளை மடித்து நடுவில் பின் அடிப்பது) என்றால் பக்கம் 4-ன் மடங்காக இருக்கணும்.

திண்ணைக்காரர்:
அதற்கு முன் வீட்டாரிடம் தேதி கேளுங்கள். திதி ஆங்கிலத் தேதியோடு ஒத்துவராது, திதி அன்றைக்கே கூட்டம் வைத்தால் அவர்களால் வர முடியாது. பிறந்த தேதியும் அப்படித்தான்: சர்டிபிகேட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று பலருக்கு உண்டு. பட்டப்பெயர், காதல் கதை, ஆஸ்பத்திரி விவரம் இந்த மூன்றையும் வீட்டார் படித்துச் சரி சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

தாழ்வாரம்:
கணக்குப் பார்த்தால் 45 பக்கம் வருகிறதே?

அச்சுமை:
48 ஆக்குங்கள். கடைசி நாள் ஆட்டோகிராப் நோட்டில் அவர் எழுதின பக்கம் யாரிடமாவது இருக்கும். அந்தக் கையெழுத்தை அப்படியே ஸ்கேன் செய்து மீதி 3 பக்கத்தில் போடுங்கள்.