புதுப்பிப்பு: மதுரைப் பயணமும் என் இடுப்பும்

பெங்களூரிலிருந்து மதுரைக்குக் கார் ஓட்டினால், சுமார் 430 கிலோமீட்டர், இடுப்பு கழன்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பொங்கலுக்குப் போய்த் திரும்பியாயிற்று.

முதுகு மெத்தை வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும். தடிமன் அதிகம், ஓசூர் தாண்டுவதற்குள் பின்சீட்டுக்குப் போய்விட்டது. கைகொடுத்தது குளியல் துண்டுதான். சுருட்டி, இடுப்பு பெல்ட்டுக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் பள்ளத்தில் வைத்தேன். அப்புறம் சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளினேன். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டுமாம். இத்தனை வருடம் எட்டி எட்டி மிதித்திருக்கிறேன்! பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்கச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. வலது தொடை மரத்துப்போவது அதோடு நின்றது.

கிருஷ்ணகிரி, சேலம், கரூர் என மூன்று இடத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் இந்தமுறை குறைவு. ஆனால் வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார். சேலம் வரை அரை பாட்டில்கூடக் காலியாகவில்லை. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.