அடுக்குத்துணையா, அடுக்குதுணையா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட தமிழ்ச் சொல்லுக்கு ஒன்பது பரிந்துரை வந்திருக்கிறது. நேற்று மத்தியானம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நடுவில் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் 'மல்ட்டி டியர்டு சிஸ்டம் ஆஃப் சப்போர்ட்ஸ்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பில் நல்ல பாடம் நடக்கும். அது போதாதவர்களைச் சின்னக் குழுவாக உட்காரவைத்துக் கூடுதலாகச் சொல்லித்தருவார்கள். அதுவும் போதாத சிலருக்கு இன்னும் அடிக்கடி, இன்னும் நெருக்கமாக, ஒருவராகவோ இருவராகவோ. படிப்புக்கு மட்டுமல்ல, வகுப்பில் நடந்துகொள்ளும் விதத்துக்கும் இதே ஏற்பாடுதான். எல்லாருக்கும் தடுப்பூசி, ஆபத்து உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம், நோய் வந்தவருக்குச் சிகிச்சை என்று பொதுச் சுகாதாரத்தில் பிரிப்பார்களே, அங்கிருந்து வந்த யோசனை. ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதுகிறேன், அதற்குத்தான் சொல் வேண்டும்.

அதிகம் பேர் சொன்னது 'பல்லடுக்கு ஆதரவு முறைமை'. மொழிபெயர்ப்பில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மஞ்சக்குப்பத்தில் நின்று 'பல்லடுக்கு' என்று சொன்னால் பல் டாக்டர் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். 'ஆதரவு' என்றதும் ஒன்று தேர்தல் ஞாபகம் வருகிறது, இல்லையென்றால் ஆதரவற்றோர் இல்லம். இரண்டுமே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருந்தாது.

'படிநிலை உதவி'யை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் வேறு. ஒரு படியை விட்டால்தான் அடுத்த படியில் கால் வைக்க முடியும். இங்கே காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே முடியாது என்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, அங்கேயும் முடியாது என்றால் ஜிப்மர். ஜிப்மருக்கு அனுப்பிவிட்டால் கீழே இருப்பவர் கையைக் கழுவிக்கொள்ளலாம். பள்ளி ஏற்பாட்டில் அப்படி இல்லை. குழுவில் உட்காரும் பிள்ளை வகுப்புப் பாடத்திலும் இருக்கிறது. தனியாகச் சொல்லித்தரப்படும் பிள்ளைக்கும் வகுப்பு ஆசிரியர்தான் ஆசிரியர். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்று கொடுப்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வைக்கிறார்கள். ஆகவே 'படி' வேண்டாம், 'அடுக்கு' இருக்கட்டும். அடுக்குமாடி வந்த பிறகு அந்தச் சொல் தெரியாதவர் யாரும் இல்லை.

பண்ருட்டிப் பக்கத்து நண்பர் சொன்ன 'முட்டு' எனக்கு ரொம்பப் பிடித்தது. வாழைக்கு எல்லாக் கன்றுக்கும் மண் அணைக்கிறோம். தார் கனத்துச் சாய்கிற மரத்துக்கு மட்டும் சவுக்குக் கொம்பு நடுகிறோம். ரொம்பச் சாய்ந்தால் கயிறும் கட்டுகிறோம். கொம்பு நட்டதால் மண்ணை யாரும் வாரிக்கொண்டு போவதில்லை. அடுக்கு என்றால் என்ன என்று கேட்பவருக்கு இனி இதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் சொல் தேறாது. 'முட்டுக் கொடுக்கிறான்' என்றால் இப்போது இணையத்தில் கண்மூடித்தனமாக வக்காலத்து வாங்குகிறான் என்று பொருள், நம் எல்லாருக்கும் தெரியும்.

சரி, நான் எந்தச் சொல்லில் வந்து நின்றேன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என் ஆறாம் வகுப்பில் இருந்தான். வாய்விட்டு வாசிக்கும் நேரம் வந்தாலே பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான், பேனாவை உருட்டுவான். நான் வெளியே போகச் சொல்வேன், போய்விடுவான். எத்தனை வாரம் இப்படிப் போனது என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் எல்லாரும் விளையாடப் போன பிறகு அவனை மட்டும் உட்காரவைத்து, ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் ஒரு வரியைக் காட்டினேன். 'காகம்' என்று இருந்தது. 'கரகம்' என்று வாசித்தான். துணைக்காலை ர என்று படிக்கிறான்! 'கொக்கு' அவனுக்கு 'கெரக்கு'. வகுப்பில் ஒருமுறை இப்படிக் 'கரகம்' என்று வாசித்து, பிள்ளைகள் சிரித்து, யாரோ தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவன் வாசிக்கவே இல்லை. வெளியே அனுப்பினால் வாசிக்க வேண்டாம் அல்லவா? அவன் கேட்டதைத்தான் நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

படிப்புக்கும் நடத்தைக்கும் ஏன் ஒரே ஏற்பாடு என்று நெய்வேலி அய்யா கேட்டிருந்தார். இதுதான் என் பதில்.

அவனுக்கு எழுத்தைச் சொல்லித்தந்தபோதுதான் எனக்கே உறைத்தது. துணைக்கால்! க-வை மாற்றுவதில்லை, பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். க நீண்டு கா ஆகிறது. நம் பிள்ளைகள் எல்லாரும் ஆறு வயதில் கற்கிற சொல்லுக்குள்ளேயே 'துணை' இருக்கிறது. போதாததற்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் கரையேறவிட்ட குப்பம் என்றே ஓர் ஊர் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் 'நற்றுணையாவது நமச்சிவாயவே' என்று பாடி, மிதந்து கரைசேர்ந்ததாகச் சொல்லும் இடம். துணை என்ற சொல்லுக்குக் கடலூரில் ஆள் தேட வேண்டியதில்லை.

ஆகவே 'அடுக்குத்துணை' என்று முன்மொழிகிறேன். ஓர் இடைஞ்சல் உண்டு. தோற்றவர்கள் எழுதுவது 'துணைத்தேர்வு' ஆயிற்றே என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். நான் படித்த காலத்தில் 'துணைப்பாடம்' என்றும் ஒன்று இருந்தது. தமிழ்ப் புத்தகத்தில் கதை இருந்த பகுதி அதுதான். எல்லாரும் முதலில் புரட்டியதும் அதைத்தான்.

கடைசியாக ஒன்று. முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று எண் போடலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் மதிப்பெண் பட்டியலில் சில பெயருக்கு எதிரே 'மெ.க.' என்று சிவப்பு மையில் இருக்கும். மெல்லக் கற்போர் என்பதன் சுருக்கம். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, ஒருவரை ஒருவர் 'டேய் மேக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்தக் கையேடு போனபின் 'மூணாவது அடுக்குப் பசங்க' என்று ஆசிரியர் அறையில் கேட்கவேண்டி வந்தால் நான் சொல் தேடியதே வீண். அடுக்கு உதவிக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. இதைச் சொல்லிலேயே காட்ட வழி இருக்கிறதா?

அன்புடன்,
கடலூரிலிருந்து

மறுமொழி, முத்தியால்பேட்டையிலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

துணை நல்ல சொல். நான் சிறப்புப் பயிற்றுநர், புதுவையில் இந்த வேலையில் இருக்கிறேன், அதனால் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

நீங்கள் பயப்படுவது சரிதான், ஆனால் அழகான பெயர் வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். இதைவிட மென்மையாகப் பெயர் வைக்க முடியுமா? என் அக்கா மகள் அங்கே படிக்கிறாள். 'அவ இன்னும் அரும்புதான் சித்தி' என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி என்னிடம் சொல்கிறாள், உதட்டைச் சுழித்துக்கொண்டு.

அமெரிக்காவில் இது ஏன் பரவியது என்பதையும் கையேட்டில் போடுங்கள். முன்பெல்லாம் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று ஒப்புக்கொள்ள, நுண்ணறிவு ஈவுக்கும் (ஐ.க்யூ.) மதிப்பெண்ணுக்கும் நடுவில் பெரிய இடைவெளி காட்ட வேண்டியிருந்தது. இடைவெளி அந்த அளவுக்கு விரியும்வரை பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். 2004-ல் அங்கே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது வேறு வழியும் திறந்தது. முதலில் நல்ல உதவி கொடு, பிள்ளை அதற்கு எப்படித் துலங்குகிறது, அதாவது உதவிக்குப் பலன் தெரிகிறதா என்று பார், பிறகு முடிவுசெய். தூண்டல் துலங்கல் என்று பி.எட்.டில் படித்தோமே, அந்தத் துலங்கல்தான். நம் நாட்டில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்துவிட்டது, நல்லது. ஆனால் சான்றிதழ் வந்த பிறகுதான் உதவி என்று நினைக்கும் பெற்றோரை வாராவாரம் பார்க்கிறேன். அடுக்கின் அழகே சான்றிதழுக்குக் காத்திருக்காததுதான்.

அப்புறம் இந்த மூன்று அடுக்கையும் விளக்கப் போடுகிற முக்கோணப் படம். நூறு பிள்ளைகளில் எண்பது பேருக்குப் பொதுப் பாடமே போதும், பதினைந்து பேருக்குக் குழு, ஐந்து பேருக்குத் தனிக் கவனம் என்று போட்டிருப்பார்கள். தோராயக் கணக்கு. நம் ஆட்கள் அதைப் பார்த்ததும் 'எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் குழு வேண்டும்' என்கிறார்கள். பாதிப் பேருக்கு வேண்டுமென்றால் கோளாறு பிள்ளையிடம் இல்லை, முதல் அடுக்கில் இருக்கிறது. மண்ணே அணைக்காமல் தோப்பு முழுக்கக் கொம்பு நட்டால் எப்படி? இங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியபோது நேற்றுவரை நன்றாக வாசித்த பிள்ளைகள் திடீரென்று தடுமாறினார்கள். அவர்களை எல்லாம் இரண்டாம் அடுக்கில் உட்காரவைக்க முடியுமா?

உங்கள் பையனுக்கு நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? காலையில் வந்ததும் ஒரு பெரியவரிடம் வந்து நிற்க வேண்டும். அவர் ஓர் அட்டை கொடுப்பார். பாடவேளைக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு ஆசிரியரும் 0, 1, 2 என்று ஏதாவது போடுவார். சாயங்காலம் அதே பெரியவரிடம் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். ஓட்டலில் அறை எடுப்பதுபோல இதற்குச் 'செக் இன், செக் அவுட்' என்று பெயர். நான் 'போய்வரேன் அட்டை' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நம் பிள்ளைகள் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள் இல்லையா! ஆனால் வாசிக்கத் தெரியாத பையனுக்கு அட்டை மட்டும் கொடுத்தால் அடங்கி உட்காருவான், துணைக்காலைப் படிக்கமாட்டான். இரண்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

'நடத்தை' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். ஒரு பெண் பிள்ளையின் அம்மாவிடம் 'நடத்தைக்குத் துணை தேவை' என்று சொல்லிவிட்டு அந்த அம்மா முகம் போன போக்கைப் பார்த்தவள் நான். மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதுகிறோமே, அதில் கை வைத்துவிட்டதாக நினைத்துவிட்டார்.

மறுமொழி, நெய்வேலியிலிருந்து

தம்பி, அம்மா இருவருக்கும்.

சுருக்கமாகச் சொல்கிறேன், கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள்.

அடுக்கு பிள்ளைக்கு இல்லை, உதவிக்குத்தான் என்று சொல்லிலேயே காட்ட முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். 'த்'-ஐ எடுத்துவிடுங்கள்.

அடுக்குத்துணை என்றால் அடுக்கு ஒரு பெயர்ச்சொல். கட்டி வைத்த அலமாரி, யாரை எந்தத் தட்டில் வைக்கலாம் என்று மனம் போகும். அடுக்குதுணை என்றால் வினைத்தொகை. அடுக்கிய துணை, அடுக்குகின்ற துணை, அடுக்கும் துணை. மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. நேற்று வைத்தோம், இன்றும் வைக்கிறோம், தேவைப்பட்டால் நாளையும் வைப்போம். அடுக்குகிறவர் ஆசிரியர், அடுக்கப்படுவது துணை. பிள்ளை அங்கே எங்கும் அடுக்கப்படவில்லை. ஊறுகாய், சுடுசோறு, அலைகடல் எல்லாம் இந்த வகைதான். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்று நான் இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதினேன். கல்யாணப் பத்திரிகையில் இன்னும் 'திருவளர்ச்செல்வி' என்றுதான் அச்சடிக்கிறார்கள், அது வேறு.

'அடுக்குத்தொடர் என்று இருக்கிறதே' என்று யாராவது வருவார்கள். அங்கே அடுக்கு பெயர்ச்சொல், அதனால் ஒற்று வந்தது.

எண் வேண்டாம் என்றால் எல்லாருக்கும் பொதுத்துணை, சிலருக்குக் குழுத்துணை. மூன்றாவதற்கு நீங்கள் யாரும் 'தனித்துணை' என்று சொல்லிவிடாதீர்கள், பிள்ளையைத் தனி அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். உறுதுணை என்று வையுங்கள். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மனப்பாடம் செய்தோமே, அந்த 'உறு'. மிகுதி என்று பொருள். நன்றியுரைக்கு நன்றியுரை 'உறுதுணையாக இருந்த அனைவருக்கும்' என்று சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம், இனியாவது ஒரு வேலை கொடுப்போம்.

'நடத்தை'க்கு என்னிடம் பதில் இல்லை. 'பழகுமுறை' என்று வாய்க்கு வருகிறது, மனத்துக்கு வரவில்லை.

மறுமொழி, கடலூரிலிருந்து

அய்யா, ஒரு ஒற்றை எடுத்து வேலையை முடித்துவிட்டீர்கள். அக்கா சொன்ன வாழைத்தோப்பு வரி அப்படியே கையேட்டில் போகிறது, போய்வரேன் அட்டையும்தான். உறுதுணை என்று எழுதியதும் என் மனைவி படித்துப் பார்த்து, 'உறுதுணை குடுக்கிறோம்னு சொன்னா எந்த அம்மா வேண்டாம்பாங்க?' என்றாள். நடத்தைக்குச் சொல் கிடைக்கும்வரை 'வகுப்பில் நடந்துகொள்ளும் விதம்' என்று நீட்டியே எழுதியிருக்கிறேன்.

எழுதி முடித்துத் திருப்பாதிரிப்புலியூரில் டி.டி.பி. எடுக்கிற தம்பியிடம் கொடுத்தேன். இன்று காலை மெய்ப்பு வந்தது. தலைப்பில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை எல்லா இடத்திலும் 'அடுக்குத்துணை'. போன் போட்டேன். 'ஒற்று விட்டுப்போயிருந்துச்சு சார், நானே எல்லா எடத்துலயும் போட்டுட்டேன்' என்றார். கல்யாணப் பத்திரிகை அடிப்பவரும் அவர்தான். அய்யா, அவர் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், நீங்களே பேசிவிடுங்கள்.